ஷாங்காய்: ஊரை விட்டுக் கடலுக்குள் போன துறைமுகம்

நெய்தல்நாடன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உலகிலேயே மிகுதியான சரக்குப் பெட்டகங்களைக் கையாளும் துறைமுகம் என்ற இடத்தை ஷாங்காய் 2010 முதல் விடாமல் வைத்திருக்கிறது. 2024-இல் அங்கே ஏறி இறங்கிய பெட்டகங்கள், இருபது அடிப் பெட்டகக் கணக்கில், 5 கோடியைத் தாண்டின. இப்படிப்பட்ட ஊருக்குப் போகிறவர், திரும்பிய பக்கமெல்லாம் கப்பலும் பளுதூக்கியும் நிற்கும் என்று எண்ணிக்கொண்டுதான் போவார். கடந்த இலையுதிர் காலத்தில் அந்நகரில் தங்கி, ஹுவாங்பு ஆற்றின் இரு கரைகளிலும் மாலைதோறும் நடந்தேன். நகரின் நடுப்பகுதியில் ஒரு பெட்டகம்கூடக் கப்பலில் ஏறுவதை நான் பார்க்கவில்லை.

பார்த்தவற்றைச் சொல்கிறேன். மேற்குக் கரையில் பண்ட் எனப்படும் பழைய வணிகக் கரை இருக்கிறது. 1923-இல் எழுந்த ஹாங்காங் ஷாங்காய் வங்கிக் கட்டடம், 1927-இல் முடிந்த சுங்க மாளிகை, 1929-இல் திறக்கப்பட்ட சசூன் மாளிகை எல்லாம் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன. எதிர்க்கரையான பூதோங் 1990-இல் வளர்ச்சிப் பகுதியாக அறிவிக்கப்படும்வரை வயல்களும் கிடங்குகளும் ஆலைகளும் தொழிலாளர் குடியிருப்புகளுமாக இருந்த நிலம். இன்று அங்கே 632 மீட்டர் உயரமுள்ள ஷாங்காய் கோபுரம் மேகத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே சுமார் 400 மீட்டர் அகலத்தில் ஆறு. அதில் மணலும் சிமெண்டும் ஏற்றிய தட்டைப் படகுகள், விளிம்பு நீரைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்து, இரவும் பகலும் ஊர்ந்து போகின்றன. அலங்கார விளக்குப் படகுகளில் அதிகக் கட்டணம் கொடுத்து ஏற வேண்டிய தேவையே இல்லை. 2 யுவான் கொடுத்தால், வேலைக்குப் போகிறவர்களோடும் அவர்களுடைய மிதிவண்டிகளோடும் சேர்ந்து பயணிகள் படகில் ஆற்றைக் கடக்கலாம். ஷாங்காயில் நான் செலவழித்த பணத்தில் அதைவிட நல்ல செலவு வேறில்லை.

எனக்கு மலைப்பைத் தந்தவை கோபுரங்களை விடவும் கரைகளே. யாங்பூ பாலம் முதல் சூபூ பாலம் வரை ஆற்றின் இருபுறமுமாக 45 கிலோமீட்டர் நீளக் கரையை 2017-இன் இறுதியில் தொடர்ச்சியான நடைபாதையாகத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அந்தக் கரையில் இருந்த துறைமுகப் பொருள்களை முற்றாக இடித்துவிடவும் இல்லை. நிலக்கரி இறக்கிய படகுத்துறையின் காங்கிரீட் கொட்டில்களைச் சுற்றி 2014-இல் லோங் அருங்காட்சியகம் எழுந்திருக்கிறது. மின்ஷெங் துறையில் 80,000 டன் தானியம் கொண்ட குதிர்கள் கண்காட்சிக் கூடமாகியிருக்கின்றன. 1883-இல் தொடங்கிய யாங்ஷுபூ குடிநீர் நிலையம் இன்னும் வேலை செய்துகொண்டிருக்க, அதன் ஆற்றோர முகப்பில் மரப்பலகை நடைபாதை செல்கிறது. கப்பல் கட்டும் கயிறுகளை மாட்டும் இரும்புக் குற்றிகளில் முதியவர்கள் சாய்ந்துகொண்டு பட்டம் விடுகிறார்கள்.

ஆக, ஊர் துறைமுகத்தால் பிறந்து, துறைமுகத்தால் வளர்ந்து, பிறகு அந்தத் துறைமுகத்தைத் தன் நடுவிலிருந்து முழுவதுமாக வெளியே அனுப்பியிருக்கிறது. இது ஏன் நடந்தது, எப்படி நடந்தது, இதில் யார் என்ன பெற்றார்கள், யார் எதை இழந்தார்கள் என்பதை இங்கே பேசலாம் என்று நினைக்கிறேன். கப்பல் துறையிலும் கட்டுமானத் துறையிலும் இருக்கும் நண்பர்கள் தாங்கள் அறிந்ததை எழுத வேண்டுகிறேன்.

மணல்திட்டு எழுதியது:

நெய்தல்நாடன் அவர்களுக்கு வணக்கம். கடலோரக் கட்டுமானத்தில் பல ஆண்டுகளாகப் பணி செய்கிறவன் என்ற முறையில் முதல் கேள்விக்கு விடை சொல்ல முயல்கிறேன். துறைமுகத்தை வெளியே தள்ளியது வண்டல்.

ஷாங்காய் கடலோர நகரம் என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் அது ஆற்றோர நகரம். ஹுவாங்பு ஆறு வூசோங் என்னுமிடத்தில் யாங்சியோடு சேர்கிறது. யாங்சி அதற்கப்பால் கடலில் கலக்கிறது. ஆசியாவின் மிக நீளமான ஆறு உள்நாட்டிலிருந்து அள்ளிவரும் மண்ணில் பெரும்பங்கு அந்த முகத்துவாரத்தில் படிகிறது. நகரம் நிற்கும் நிலமும், வடக்கேயுள்ள சோங்மிங் தீவும் அப்படிப் படிந்த மண்ணே. அந்த மண்தான் ஊரைக் கொடுத்தது. கப்பல் வழியை அடைத்ததும் அதே மண்தான். 19-ஆம் நூற்றாண்டிலேயே வூசோங் மணல்மேட்டைப் பற்றி வெளிநாட்டு வணிகர்கள் ஓயாமல் முறையிட்டார்கள். ஜப்பானில் ஆறுகளைச் சீரமைத்துப் புகழ்பெற்ற டச்சுப் பொறியாளர் யோஹானிஸ் டி ரைக்கே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷாங்காய்க்கு அழைக்கப்பட்டு ஹுவாங்பு வழியைச் சீராக்கினார். அதன் பயனாகவே பெரிய நீராவிக் கப்பல்கள் பண்ட் வரை வர முடிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கப்பலின் அடிப்பாகம் நீரில் இறங்கும் ஆழத்துக்கும் ஆற்றின் ஆழத்துக்கும் இடையே நடந்த ஓட்டப்பந்தயம். பெட்டகக் கப்பல்கள் வந்ததும் ஹுவாங்புவின் வளைவுகள் போதாமல், 1990-களின் தொடக்கத்தில் யாங்சியின் தென்கரையில் வாய்காவ்ச்சியாவ் முனையங்கள் கட்டப்பட்டன. ஆனால் யாங்சியின் வாயிலும் சுமார் 7 மீட்டர் ஆழம்தான் இருந்தது. கப்பல்கள் கடல் ஏற்றத்துக்காகக் காத்துக் கிடந்தன. 1998-இல் தொடங்கி, கடலுக்குள் நீண்ட கற்சுவர்களைக் கட்டி, நீரோட்டத்தை ஒடுக்கி, தூர்வாரி, 2010-இல் அந்த வழியை 12.5 மீட்டருக்குக் கொண்டுவந்தார்கள். நானறிந்தவரை உலகில் ஆற்று முகத்துவாரங்களில் நடந்த மிகப் பெரிய வேலைகளில் அது ஒன்று. ஆயினும் அதுவும் போதவில்லை, ஏனென்றால் இன்றைய 400 மீட்டர் நீளக் கப்பல் முழுச் சுமையோடு வரும்போது அதன் அடி 16 மீட்டர் வரை நீருக்குள் இறங்குகிறது.

எனவே ஆழத்தைத் தேடி ஊரே கடலுக்குள் போனது. ஹாங்சோ விரிகுடாவின் வாயில் யாங்ஷான் என்ற சிறு தீவுக் கூட்டம் இருக்கிறது. அங்கே தீவுகளுக்கிடையில் பாயும் வேகமான நீரோட்டம் வண்டலைத் தங்கவிடாமல் அடித்துக்கொண்டு போவதால் இயற்கையாகவே ஆழம் நிற்கிறது. 2002-இல் வேலை தொடங்கி, தீவுகளுக்கு இடைப்பட்ட கடலை மண்ணிட்டு நிரப்பி, 32.5 கிலோமீட்டர் நீளத்தில் ஆறு தடங்கள் கொண்ட தோங்ஹாய் பாலத்தைக் கட்டி, 2005 டிசம்பரில் துறைமுகத்தைத் திறந்துவிட்டார்கள். இத்தனைக்கும் அந்தத் தீவுகள் ஷாங்காய்க்குச் சொந்தமானவை அல்ல. பக்கத்து மாகாணமான செஜியாங்கைச் சேர்ந்தவை. வரைபடத்தில் பார்த்தால் ஒரு நகரம் தன் துறைமுகத்தை அடுத்த வீட்டுத் தோட்டத்தில் அமைத்திருப்பது போலத் தெரியும்.

நிலத்தடியில் நடப்பதையும் ஒரு வரியில் சேர்க்கிறேன். நகரம் தாழ்ந்துவருவது 1921-லேயே கண்டறியப்பட்டது. ஆலைகள் நிலத்தடி நீரை உறிஞ்சியதே முக்கியக் காரணம். 1960-களிலிருந்து நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்தி, நிலத்துக்குள் திரும்ப நீரைச் செலுத்தித் தாழ்வின் வேகத்தைக் குறைத்தார்கள். இன்று நீங்கள் நடந்துவந்த பண்ட் நடைமேடை அவ்வளவு உயரத்தில் இருப்பதற்குக் காரணம் அது வெள்ளத் தடுப்புச் சுவரும் கூட என்பதுதான்.

கடலோடி எழுதியது:

தூத்துக்குடிக்காரன், பெட்டகக் கப்பல்களில் அதிகாரியாக வேலை பார்க்கிறேன். மணல்திட்டு அண்ணன் சொன்ன ஆழக் கணக்கை நான் தினம் பார்க்கும் கடல்வரைபடங்கள் வழியாக அறிவேன். நெய்தல்நாடன் அவர்கள் ஊருக்குள் நின்று துறைமுகத்தைத் தேடியிருக்கிறார். நான் துறைமுகத்தில் நின்று ஊரைத் தேடியவன். எங்கள் பக்கத்திலிருந்து அந்த இடம் எப்படி இருக்கிறது என்று எழுதுகிறேன்.

யாங்ஷானை நெருங்குவது எளிதான வேலை அன்று. கிழக்குச் சீனக் கடலில் கரையை அணுகும்போதே ரேடார் திரை முழுவதும் மீன்பிடிப் படகுகளின் புள்ளிகள் நிறைந்துவிடும். வலையைக் கடலில் விரித்துக்கொண்டு வழியின் குறுக்கே நிற்கும் படகுகளுக்கிடையே, சுமையேற்றிய ஒரு பெரிய கப்பலை மெதுவாகக் கொண்டுபோக வேண்டும். வசந்த காலத்தில் மூடுபனி வந்தால் கப்பலின் முன்முனை கண்ணுக்குத் தெரியாது. துறைமுகம் மூடப்பட்டு, நங்கூரமிடும் இடத்தில் கப்பல்கள் கூட்டம் கூட்டமாகக் காத்திருக்கும். கப்பலுக்கு வழிகாட்டும் துறைமுகப் பைலட் ஏறிய பிறகும் தீவுகளுக்கிடையே பாயும் நீரோட்டம் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும். வண்டலை அடித்துப் போகும் அந்த நீரோட்டமே எங்களுக்குத் தொல்லையும் தருகிறது.

கரை சேர்ந்ததும் அடுத்த வியப்பு. 2017 டிசம்பரில் திறந்த நான்காம் கட்ட முனையத்தில் 2,350 மீட்டர் நீளக் கரையில் ஏழு கப்பல்கள் நிற்கலாம். ஆனால் தரையில் மனித நடமாட்டம் மிக அரிது. மின்கலத்தில் ஓடும் ஓட்டுநரில்லா வண்டிகள் பெட்டகங்களைச் சுமந்துகொண்டு, ஒன்றோடொன்று முட்டாமல், வரிசை மாறாமல் போய்க்கொண்டே இருக்கும். பளுதூக்கியை இயக்குகிறவர் கூண்டில் இல்லை. தொலைவில் ஒரு கட்டடத்துக்குள் திரையைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். பெட்டகங்களைப் பிணைக்கும் இரும்புக் கம்பிகளை அவிழ்ப்பதற்கும் பூட்டுவதற்கும் மட்டும் இன்னும் ஆட்கள் கப்பலில் ஏறுகிறார்கள். இந்த ஒழுங்கை நான் மனமாரப் பாராட்டுகிறேன். இதைவிடக் கச்சிதமாக வேலை நடக்கும் துறைமுகத்தை என் கண்ணால் பார்த்ததில்லை.

ஆனால் ஷாங்காய்க்குப் பலமுறை போய்வந்தும் ஷாங்காயை நான் பார்த்ததில்லை என்று வீட்டில் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். வேலை அவ்வளவு விரைவாக முடிவதால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் கப்பல் கிளம்பிவிடுகிறது. கரையிறங்க அனுமதி கிடைத்தாலும், பாலத்தைக் கடந்து நகர மையத்துக்குப் போய்த் திரும்ப நேரம் போதாது. எங்கள் மூத்தவர்கள் ஹுவாங்பு ஆற்றுத் துறைகளில் கப்பல் நின்ற காலத்தைப் பற்றிச் சொல்வார்கள். அப்போது நாள்கணக்கில் சரக்கு இறங்கும். மாலையில் கப்பலிலிருந்து இறங்கி நடந்தே கடைத்தெருவுக்குப் போவார்கள். பிள்ளைகளுக்குப் பட்டுத்துணி வாங்கி வருவார்கள். கொரோனாக் காலத்தில் கரையிறங்கும் பேச்சே எழவில்லை. 2022-இல் ஏப்ரல், மே மாதங்களில் நகரம் பூட்டிக் கிடந்தபோதும் துறைமுகம் நிற்கவில்லை. அதன் தொழிலாளர்கள் வளாகத்துக்குள்ளேயே தங்கி வேலை பார்த்தார்கள் என்பதையும், லாரிகள் வர முடியாமல் பெட்டகங்கள் தேங்கின என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். துறைமுகம் ஊரை விட்டுப் போனதில் மாலுமிதான் முதலில் இழந்தான் என்பது என் உறுதியான கருத்து.

பழஞ்சுவடி எழுதியது:

கடலோடித் தம்பி சொன்னதற்கு வரலாற்றில் ஒரு சான்று இருக்கிறது. பண்ட் கரையில் 2-ஆம் எண் கட்டடம் 1910-இல் ஷாங்காய் கிளப் என்ற பெயரில் எழுந்தது. ஆங்கிலேய வணிகர்களும் அதிகாரிகளும் கூடிய இடம் அது. புரட்சிக்குப் பிறகு, 1950-களில், அதே கட்டடம் பன்னாட்டு மாலுமிகள் மன்றமாக மாற்றப்பட்டது. முன்பு வாசலில்கூட நிற்க முடியாதவர்கள் உள்ளே அமர்ந்து இளைப்பாறினார்கள். இன்று அது சொகுசு விடுதி. ஒரே கட்டடத்தின் மூன்று பிறவிகளிலும் துறைமுகத்தின் கதை இருக்கிறது.

ஆற்றங்கரை மக்களுக்குத் திறக்கப்பட்டதை நெய்தல்நாடன் உயர்த்திப் பேசியதை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். காரணம் உண்டு. 1842-இல் நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தாகி, அடுத்த ஆண்டு ஷாங்காய் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டது. 1868-இல் பண்டின் வடமுனையில், ஆற்றைப் பார்த்தபடி, ஒரு பூங்கா திறந்தார்கள். அதற்குப் பெயர் பொதுப் பூங்கா. ஆனால் 1928 வரை, அதாவது அறுபது ஆண்டுகள், சீனர்கள் அதற்குள் நுழையக் கூடாது என்று விதி இருந்தது. தங்கள் ஊரில், தங்கள் ஆற்றின் கரையில், ஆயாவாகவோ வேலைக்காரராகவோ வெள்ளையரின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால் மட்டுமே அனுமதி. அந்த நினைவு அந்நகரத்தாரிடம் ஆழமாகத் தங்கியிருக்கிறது. 45 கிலோமீட்டர் கரையில் யாரும் யாரையும் கேட்காமல் நடக்கலாம் என்பதன் பொருள், இந்த வரலாற்றை அறிந்தவருக்கே முழுதாக விளங்கும்.

இந்தியர்களாகிய நமக்கும் அந்தக் கரையோடு உறவு உண்டு. அதில் பெருமைப்படத் தக்கவை குறைவு. அங்கே முதலில் பெருஞ்செல்வம் ஈட்டிக் கொடுத்த சரக்கு, இந்தியாவில் விளைந்து கப்பலேறிய அபின். சசூன் மாளிகையைக் கட்டிய விக்டர் சசூனின் குடும்பம், பாக்தாதிலிருந்து பம்பாய்க்கு வந்து குடியேறி, பருத்தியிலும் அபினிலும் வளர்ந்த யூதக் குடும்பம். வெளிநாட்டவர் ஆண்ட நகரப் பகுதியான பன்னாட்டுக் குடியிருப்பின் தெருக்களில் ஒழுங்கு காக்க ஆங்கிலேயர் பஞ்சாபிலிருந்து சீக்கியரைக் காவலராகக் கொண்டுவந்தார்கள். 1925 மே 30 அன்று நான்கிங் சாலையில், ஒரு ஆங்கிலேய அதிகாரியின் ஆணைப்படி, மாணவர்களும் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தின்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தபோது, சுட்டவர்களில் சீக்கியக் காவலர்களும் இருந்தார்கள். அடிமை நாட்டு மனிதனைக் கொண்டு இன்னொரு நாட்டு மனிதனைச் சுட வைத்த அந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. பண்டின் கட்டடங்களை ஒளிப்படம் எடுக்கிற நம்மவர் ஒவ்வொருவரும் இதை அறிந்து எடுக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

வாகை எழுதியது:

நான் பணி நிமித்தமாகக் குடும்பத்தோடு ஷாங்காயில் வாழ்ந்தவள். இந்த இழையில் இதுவரை வராத ஒன்றைச் சொல்ல வேண்டும். கரை திறக்கப்பட்டது உண்மை. அதற்கு முன்பு அங்கே குடியிருந்தவர்களும் ஆலையில் வேலை பார்த்தவர்களும் எங்கே போனார்கள் என்பதும் அந்த உண்மையின் பகுதி.

2010 உலகக் கண்காட்சிக்காக ஹுவாங்புவின் இரு கரைகளிலும் இடம் ஒதுக்கியபோது, 1865-இல் தொடங்கப்பட்ட ஜியாங்நான் கப்பல் கட்டும் தளம் யாங்சியின் வாயிலுள்ள சாங்சிங் தீவுக்குப் போனது. சுமார் 18,000 குடும்பங்கள் இடம் மாறின. அவர்களில் பலருக்குப் புதிய அடுக்ககங்களில் தனிக் கழிப்பறையும் தனிச் சமையலறையும் முதல் முறையாகக் கிடைத்தன என்பதை மறைக்கக் கூடாது. பழைய சந்து வீடுகளில் ஐந்தாறு குடும்பங்கள் ஒரே அடுப்படியைப் பங்கிட்டுக்கொண்டு, காலையில் கழிவுக் கலயத்தைத் தெருமுனைக்குத் தூக்கிக்கொண்டு போன வாழ்க்கையை எங்கள் வீட்டு வேலைகளில் உதவிய மூதாட்டி ஒருவர் விரிவாகச் சொல்லியிருக்கிறார். அந்த வாழ்க்கை திரும்ப வேண்டும் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. ஆனால் நகர நடுவில் பிறந்து வளர்ந்தவர் புறநகரில் தெரிந்த முகம் ஒன்றுமில்லாமல் தனித்துப்போனதையும், வைத்தியரைப் பார்க்க மெட்ரோவில் நெடுந்தூரம் வர வேண்டியிருந்ததையும் அவர் அதே மூச்சில் சொல்வார்.

பழைய நகரத்தின் மேற்கு வாயிலை ஒட்டிய லாவ்சிமென் பகுதி காலி செய்யப்பட்ட காலத்தில் நான் அந்தத் தெருக்களில் நடந்திருக்கிறேன். கருங்கல் சட்டமிட்ட வாசல்கள் செங்கல் வைத்து அடைக்கப்பட்டிருந்தன. மாடங்களில் துணி காயும் மூங்கில்கள் மட்டும் மிச்சமிருந்தன. ஷிகுமென் எனப்படும் அந்த வீடுகளில்தான் ஒரு காலத்தில் நகர மக்களில் பெரும்பகுதியினர் வாழ்ந்தார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், நூலாலைப் பெண்கள், கடைக் கணக்கர், எழுத்தாளர் எல்லாரும் அந்தச் சந்துகளின் பிள்ளைகள். தானியக் குதிர்களைக் காப்பாற்றிக் கண்காட்சிக் கூடமாக்கிய அக்கறையில் பாதியைச் சந்துகளுக்கும் காட்டியிருக்கலாம் என்பதே என் வருத்தம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நெய்தல்நாடன் அவர்கள் சொன்னதை ஒட்டியும் ஒன்று சொல்கிறேன். கோடை மாலையில் யாங்பூ பகுதிக் கரைக்கு என் பிள்ளைகளை அழைத்துப் போவேன். கட்டணமில்லை, கடைக்காரர் நச்சரிப்பில்லை, பத்து நடைக்கு ஒரு நீர்க்குழாய், தூய கழிப்பறை. ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளர்கள் ஒலிபெருக்கி வைத்து ஆடுவார்கள். அவர்களில் சிலர் தாங்கள் வேலை பார்த்த கொட்டகை எது என்று என் பிள்ளைகளுக்குக் கைநீட்டிக் காட்டியிருக்கிறார்கள். சுமார் இரண்டரைக் கோடி மக்கள் வாழும் ஊரில் இப்படி ஓரிடம் கிடைப்பது எளிய காரியம் இல்லை.

கணக்கன் எழுதியது:

ஒரு கேள்வி. தெற்கே விரிகுடாவின் மறுபக்கத்தில் நிங்போ இருக்கிறதே, அங்கே இயற்கையான ஆழம் உண்டல்லவா? சரக்கின் மொத்த எடையைப் பார்த்தால் நிங்போ ஜோஷான்தான் உலகில் முதலிடம். அதை விட்டுவிட்டுக் கடலுக்குள் 32 கிலோமீட்டர் பாலம் போட்டது, ஷாங்காய் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்த வீண்செலவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

மணல்திட்டு எழுதியது:

கணக்கன் அவர்களின் கேள்வி நியாயமானது. சீனாவுக்குள்ளேயே அந்த விவாதம் நடந்தது. நிங்போவின் பெய்லுன் கரையில் மண்ணிட்டு நிரப்பாமலேயே பெரிய கப்பல் நிற்கும். ஆனால் துறைமுகத்துக்கு ஆழம் மட்டும் போதாது. சரக்கு எங்கிருந்து வருகிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். சூஜோ, வூஷி முதலிய ஆலை நகரங்களும், யாங்சி வழியாக நான்ஜிங், வூஹான், சோங்சிங் வரை விரியும் உள்நாடும் ஷாங்காயின் வாசலில்தான் வந்து முடிகின்றன. 2008-இல் ஹாங்சோ விரிகுடாப் பாலம் திறக்கும்வரை அந்த ஊர்களிலிருந்து நிங்போவுக்குச் சாலை வழியாகப் போக விரிகுடாவையே சுற்ற வேண்டியிருந்தது. யாங்ஷான் முடிவு எடுக்கப்பட்ட நாளில் இருந்த நிலைமையை வைத்துத்தான் அதை மதிப்பிட வேண்டும்.

வீண்செலவு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு குறை உண்மையாகவே இருக்கிறது. தோங்ஹாய் பாலத்தில் சாலை உண்டு, ரயில் தடம் இல்லை. ஆகவே தீவுக்கு வரும் ஒவ்வொரு பெட்டகமும் லாரியில் வர வேண்டும், அல்லது யாங்சிப் படகிலோ சிறு கப்பலிலோ வந்து மாற வேண்டும். புயலடித்தால் பாலம் மூடப்படும். அத்தனை பெரிய முதலீட்டில் தொடக்கத்திலேயே ரயிலைச் சேர்க்காமல் விட்டது சரியில்லை என்பது என் தொழில்முறைக் கருத்து.

இன்னொன்றையும் சேர்க்கிறேன். மூன்று பள்ளத்தாக்கு அணை 2003-இல் நீர் தேக்கத் தொடங்கிய பிறகு, யாங்சி கடலுக்குக் கொண்டுவரும் மண் பழைய அளவில் பாதிக்கும் கீழே போய்விட்டது. நூற்றாண்டுக் காலமாக மண்ணோடு போராடிய ஊர், இனி மண் குறைவதால் முகத்துவாரத்தின் தாழ்நிலங்கள் அரிக்கப்படுமோ என்று கவலைப்பட வேண்டியிருக்கிறது.

குமரிமுனை எழுதியது:

நாகர்கோவிலிலிருந்து எழுதுகிறேன். வாகை அக்கா சாங்சிங் தீவைக் குறிப்பிட்டதும் எனக்கு எங்கள் பக்கத்துச் செய்தி ஒன்று நினைவுக்கு வந்தது. 2023 அக்டோபரில் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு முதல் கப்பலாக வந்து சேர்ந்தது ஷென்ஹுவா 15. அது சுமந்து வந்தவை, அதே சாங்சிங் தீவில் ஆலை வைத்திருக்கும் ஷாங்காய் நிறுவனம் ஒன்று செய்த பளுதூக்கிகள். பிரித்து அடுக்கிக் கொண்டுவரவில்லை. நின்ற கோலத்திலேயே, கடலைக் கடந்து, எங்கள் கரைக்கு வந்தன. உலகத் துறைமுகங்களில் கப்பலுக்குப் பெட்டகம் ஏற்றும் பளுதூக்கிகளில் பெரும்பாலானவை அந்த ஒரே நிறுவனத்துடையவை என்பதால், ஷாங்காய்க்குப் போகாதவரும் அந்நகரின் கைவேலையைத் தம் ஊர்க் கடற்கரையில் பார்க்கிறார். விழிஞ்ஞத்தில் கரையை ஒட்டியே 18 மீட்டருக்கு மேல் ஆழம் கிடைக்கிறது. மணல்திட்டு அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு, அந்த ஆழம் எவ்வளவு அரிய கொடை என்பது எனக்கு இப்போது நன்றாகப் புரிகிறது.

யாங்ஷான் தீவில் முன்பு மீனவர்கள் இருந்தார்களா? விழிஞ்ஞத்தில் எங்கள் மீனவ மக்கள் நடத்திய போராட்டத்தை அருகிலிருந்து பார்த்தவன் என்பதால் கேட்கிறேன்.

கடலோடி எழுதியது:

இருந்தார்கள், குமரிமுனை. சின்ன யாங்ஷானில் மீன்பிடித்து வாழ்ந்த குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டார்கள். அவர்களுடைய ஊர் இருந்த இடத்தில் இப்போது பெட்டகங்கள் அடுக்கியிருக்கின்றன. எதிரே பெரிய யாங்ஷானில் இன்னும் மக்கள் வாழ்கிறார்கள். இரவில் கப்பல் மேல்தளத்தில் நின்றால், முனையத்தின் வெள்ளை ஒளிக்கு மறுபுறம், அந்தத் தீவின் வீட்டு விளக்குகள் தெரியும். அவர்களுடைய மீன்பிடித் தளம் இப்போது கப்பல் வழி. அதைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்க எனக்கு வாய்ப்பும் இல்லை, மொழியும் இல்லை. யாராவது கேட்டு எழுத வேண்டும்.

மலையருவி எழுதியது:

அடுத்த ஆண்டு ஷாங்காய் போகத் திட்டமிட்டிருக்கிறோம். பண்டும் கோபுரங்களும் எல்லாரும் காட்டுவார்கள். இந்த இழையில் பேசப்படும் துறைமுகத்தைச் சாதாரணப் பயணி கண்ணால் பார்க்க வழி உண்டா, நெய்தல்நாடன் அவர்களே?

நெய்தல்நாடன் எழுதியது:

கேட்டதைவிட மிகுதியாகக் கொடுத்த நண்பர்கள் அனைவருக்கும் நன்றி. வாகை அவர்களும் கடலோடியும் எழுதியவற்றைப் படித்த பிறகும், கரையை மக்களுக்குக் கொடுத்தது அந்நகரம் செய்த மிக நல்ல காரியம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் அந்தக் கரையின் விலையைக் கட்டியவர்களின் பட்டியலில் சந்து வீட்டாரோடு மாலுமியையும் தீவின் மீனவரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதை இனி எங்கு ஷாங்காயைப் பற்றிப் பேசினாலும் சொல்வேன்.

மலையருவி அவர்களுக்கு: வழி உண்டு. முனையங்களுக்குள் நுழைய அனுமதி கிடையாது. ஆனால் வெளியிலிருந்து நன்றாகவே பார்க்கலாம். முதலில் வூசோங்குக்குப் போங்கள். மெட்ரோவின் 3-ஆம் தடத்தில் வடக்கே போய் இறங்கினால் பாவ்தாய்வான் ஈரநிலப் பூங்கா இருக்கிறது. உருக்காலைக் கசடு கொட்டிக் கிடந்த இடத்தைத் திருத்திச் செய்த பூங்கா அது. 1842 ஜூனில் ஆங்கிலேயக் கடற்படையை எதிர்த்து, தளபதி சென் ஹுவாசெங் உயிர்விட்ட கோட்டை மேடும் அதை ஒட்டியதே. அங்கே ஹுவாங்பு யாங்சியில் கலக்கும் முனையில் நின்றால், கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆற்றுக்குள் திரும்புவதைப் பார்க்கலாம். பண்டில் பார்க்க முடியாத நெரிசல் அங்கே இருக்கிறது. பிற்பகலில் போவது நல்லது.

இரண்டாவதாக, லோங்யாங் சாலை நிலையத்திலிருந்து 16-ஆம் தடத்தில் ஏறிக் கடைசி நிலையமான திஷுயி ஏரி வரை போங்கள். வட்டமாகத் தோண்டிய அந்த ஏரியைச் சுற்றி லின்காங் என்ற புதிய ஊர் வளர்கிறது. கடலிலிருந்து மீட்ட நிலம். தெருக்கள் மிக அகலம், மனிதர்கள் குறைவு. அங்குள்ள சீனக் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு அரை நாளாவது ஒதுக்க வேண்டும்.

தோங்ஹாய் பாலத்தைக் கடக்க விரும்பினால், யாங்ஷானுக்கு அப்பால் கடலிலுள்ள ஷெங்சி தீவுகளுக்குப் போகிறவர்களுக்காக நான்பூ பாலத்தருகே உள்ள பேருந்து நிலையத்திலிருந்து சின்ன யாங்ஷானின் ஷென்ஜியாவான் படகுத்துறைக்கு வண்டிகள் போகின்றன. பேருந்துச் சீட்டும் படகுச் சீட்டும் சேர்த்தே வாங்க வேண்டியிருக்கும். கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். சன்னலோர இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். பாலத்தில் ஏறிய சிறிது நேரத்தில் கடலுக்குள் நடப்பட்ட காற்றாலைகள் வரும். பிறகு நெடுநேரம் வண்டல் நிற நீரைத் தவிர ஒன்றும் இருக்காது. அதன் பின் பளுதூக்கிகளின் வரிசை தொடங்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல் காலம், வசந்தத்தில் மூடுபனி. இரண்டிலும் படகும் பேருந்தும் முன்னறிவிப்பின்றி நிற்கும். அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ போனால் வானம் தெளிவாக இருக்கும், ஊருக்குள் கொடுக்கில் ரோமம் அடர்ந்த நன்னீர் நண்டும் கிடைக்கும். பெரிய யாங்ஷானில் இறங்கி அம்மக்களோடு பேச உங்களுக்கு நேரமிருந்தால், கடலோடி கேட்க முடியாமல் போன கேள்வியையும் கொண்டுபோங்கள். கிடைத்த விடையை இதே இழையில் எழுதுங்கள்.